பலகைச் சுவரில் இரண்டு தட்டு

வெள்ளிக்கிழமை சாயங்காலம், விளக்கேற்றும் நேரம். மலாக்காவில், காஜா பேராங்கில் நாங்கள் குடியிருந்த பலகை வீட்டின் அடுப்படியில், வலது காதைச் சுவரில் ஒட்டவைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். ஒரு கையில் ஆறிப்போன கடுங்காப்பி. இன்னொரு கை என் வாயைப் பொத்தியிருந்தது. நான் எழுதிய நகைச்சுவைக்கு நானே சிரித்துவிடுவேனோ என்ற பயம்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் லெச்சுமி அக்காவின் வீடு. அங்கே ரேடியோ இருந்தது. எங்கள் வீட்டில் இல்லை. அதில் அப்போது ஓடிக்கொண்டிருந்த நாடகத்தை எழுதியவன் நான். அதைக் கேட்பதற்கு எனக்குக் கிடைத்த இடம், இரண்டு பலகைகளுக்கு நடுவில் ஒரு விரற்கடை இடுக்கு.

ரேடியோவில் வேதாசலமும் அவர் மனைவி பாக்கியமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பாக்கியம் கரண்டியால் சட்டி விளிம்பில் தட்டினாள். டொக், டொக். இரண்டு தட்டு விழுந்தால் முக்கியமான பேச்சு வருகிறது என்று அர்த்தம். வந்தது.

"நா பேசறதெல்லாம் இந்தப் பலகைக்குத்தான். பலகையாச்சும் மழைக்கு உப்பும். உங்களுக்கு அதுவும் இல்ல."

கோலாலம்பூர் ஸ்டூடியோவில் உட்காரவைத்திருந்த நாலைந்து பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் பொத்திய கைக்குள் சிரித்தேன்.

அப்போது என் காதுக்கு ஒரு சாண் கீழே, பலகையின் அந்தப் பக்கத்திலிருந்து யாரோ தட்டினார்கள். டொக், டொக். கூடவே வளையல் சத்தம்.

எனக்குத் தெரிந்த வளையல் அது. அந்த நேரத்தில் அம்மன் கோயிலில் இருந்திருக்கவேண்டிய வளையல்.

காப்பிக் கோப்பையைக் கீழே வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நாய் வில்லைக் குமாஸ்தா

இந்தத் தொடரில் ஊரில் உள்ள எல்லாரையும் கிண்டல் செய்தாயிற்று. 'வீட்டம்மாவை மட்டும் காணோமே, பயமா?' என்று ஒரு வாசகர் கேட்டு எழுதியிருந்தார். பயம்தான் ஐயா. அந்தப் பயம் எப்படி வந்தது என்பதைத்தான் இந்த வாரம் சொல்கிறேன்.

அப்போது நான் நகராண்மை அலுவலகத்தில் நாய் லைசென்ஸ் குமாஸ்தா. ஊரில் உள்ள நாய்களுக்கெல்லாம் எண் போட்ட தகர வில்லை கொடுப்பது என் உத்தியோகம். இருபது வருஷம் அதைச் செய்தேன். தெருவில் போனால் மனிதர்கள் என்னைக் கண்டுகொள்ள மாட்டார்கள். நாய்கள் எழுந்து நிற்கும்.

என் மனைவி பெயர் சௌந்தரம். சண்டைக்கு முந்திய காலத்தில் (ஜப்பான் சண்டையைச் சொல்கிறேன், எங்கள் சண்டையை அல்ல) ஜாசின் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு வந்தேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை இந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அவளும் அப்படித்தான் நிறுத்திக்கொண்டாள்.

எங்கள் சந்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் மலாக்காச் செட்டிகள். பெயர் நம் பெயர், கும்பிடும் சாமி நம் சாமி, பேசுவது மட்டும் மலாய். லெச்சுமி அக்கா நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, சாரோங்கும் கெபாயாவும் உடுத்தி, அம்மன் படத்துக்கு மலாயில் வேண்டிக்கொள்வார். தமிழில் அவருக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து சொற்களில் பாதி, பூசைச் சாமான்களின் பெயர்.

ஆகவே அந்தச் சந்தில் சௌந்தரத்துக்குத் தமிழ் பேச நான் ஒருவன்தான் இருந்தேன்.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டு வருஷம் பேப்பர் படித்தேன் என்று சொன்னால் மிகையாகாது. நடுவில் ஜப்பான்காரன் காலத்தில் பேப்பர் சரியாக வராதபோது பழைய பேப்பரைப் படித்தேன். அவள் கரண்டியால் சட்டியை இரண்டு தட்டுத் தட்டி, "என்னாங்க, கேக்குதா?" என்பாள். நான் "ம்" என்பேன். அந்த 'ம்'முக்குள் மளிகைச் சாமான், தங்கச்சி கல்யாணம், கூரை ஒழுக்கு எல்லாம் அடங்கிவிடும்.

மேடையில் மட்டும் பேசிய ஜோடி

இங்கே ஒரு பழைய கதை. பத்திரிகையில் இடம் இருக்கிறது, எனக்கும் போக்கிடம் இல்லை.

எனக்குக் கல்யாணமான புதிதில் நம் ஊருக்கு ஒரு நாடகக் கூட்டம் வந்து, திடலில் கொட்டகை போட்டு ஒரு மாதம் ஆடியது. அதில் ஒரு பபூன், அவனுக்கு மனைவியாக ஒரு அம்மாள். இருவரும் நிஜத்திலும் புருஷன் பெண்டாட்டி. மேடையில் அவர்கள் சண்டை போட்டால் கொட்டகைத் தகரம் அதிரும். அவள் விளக்குமாற்றை எடுப்பாள், அவன் பெட்டிக்குள் ஒளிவான், பெட்டிக்குள்ளிருந்தே அவளுக்குப் பதில் சொல்வான். நானும் சௌந்தரமும் மூன்று தடவை போய்ப் பார்த்தோம்.

ஒருநாள் கொட்டகைக்குப் பின்னால் வெற்றிலை வாங்கப் போனபோது அந்த இருவரையும் பார்த்தேன். ஒரே பெஞ்சின் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்குச் சுண்ணாம்பு வேண்டியிருந்தது. அவளிடம்தான் இருந்தது. அவன் வெற்றிலைக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணே, அங்கிட்டுச் சுண்ணாம்பு இருந்தாக் குடுக்கச் சொல்லுங்க" என்றான்.

வெற்றிலைக்காரர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "ஏழு வருசமாப் பேச்சு இல்ல தம்பி. மேடையில பேசறதோட சரி."

வீட்டுக்கு வந்து இதைச் சௌந்தரத்திடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "மேடையிலயாச்சும் அவன் பதில் சொல்றான் இல்ல?" என்றாள்.

நான் "ம்" என்றேன்.

பென்சில்

சுதந்திரத் தேதியை நம் ஊர்த் திடலில் அறிவித்தார்களே, அதற்குக் கொஞ்சம் முன்போ பின்போ, ரேடியோவின் தமிழ்ப் பகுதிக்கு வேடிக்கை நாடகம் வேண்டும் என்று சொன்னார்கள். நானும் எழுதி அனுப்பினேன். வேதாசலம் என்று ஒரு கிழம், பாக்கியம் என்று அவர் மனைவி. கல்யாணமாகி முப்பது வருஷம். வாரம் கால் மணி நேரம், சண்டை மட்டும். 'கால்மணிக் குடும்பம்' என்று பெயர் வைத்தேன்.

முதல் மூன்று நாடகத்தைக் கற்பனையில் எழுதினேன். அதில் பாக்கியம், பரிசளிப்பு விழாவில் பேசுகிற தலைமையாசிரியை மாதிரி பேசினாள். நான்காவது எழுத உட்கார்ந்தபோது ஒன்றும் வரவில்லை. அடுப்படியிலிருந்து சௌந்தரத்தின் குரல் வந்தது. முந்தின நாள் கடலோரம் உஜோங் பாசிருக்குப் போய் நான் வாங்கிவந்த கெம்போங் மீன் பற்றிய விசாரணை.

டொக், டொக்.

"மீனு கண்ணப் பாத்து வாங்கினீங்களா, மீன்காரி கண்ணப் பாத்து வாங்கினீங்களா?"

பேப்பரைக் கீழே வைத்தேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாகப் பேப்பரைக் கீழே வைத்தேன். நாய் வில்லைப் பதிவேட்டின் பின்பக்கத்தில் அதை அப்படியே குறித்துக்கொண்டேன். சட்டியைத் தட்டிய இரண்டு தட்டையும், 'மீன்காரி' என்பதில் அவள் குரல் எங்கே ஏறியது, 'பாத்து' என்பதில் எங்கே இறங்கியது என்பதையும் சேர்த்துத்தான்.

அந்த நாடகம் வந்த மறுநாள் அலுவலகத்தில் தமிழ் தெரிந்த நாலு பேரும் அந்த வசனத்தையே சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். கோலாலம்பூரிலிருந்து கடிதம் வந்தது: பாக்கியத்துக்கு உயிர் வந்துவிட்டது, இப்படியே தொடரவும்.

தொடர்ந்தேன். சாப்பிட்டதும் அடுப்படி மணையில் போய் உட்கார்ந்துவிடுவேன். மடியில் பதிவேடு, கையில் பென்சில். "ஆபீஸ் வேல கெடக்கு, நீ பேசு" என்பேன். அவள் பேசினாள். நான் நடுவில் கேள்வி கேட்டேன். "அப்பறம் அவ என்னா சொன்னா?" என்றேன். "இல்லையே, போன மாசம் வேற மாதிரி சொன்னியே" என்றேன். இருபத்திரண்டு வருஷமாகக் கேட்காத காது திடீரென்று திறந்துகொண்டதில் அவளுக்கு முதலில் சந்தேகம் வந்து, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை.

அதற்குப் பிறகு அவள் மாறிப்போனாள். தலையைப் படிய வாரி, நான் வேலையிலிருந்து வருவதற்கு முன்பே காப்பிக்குத் தண்ணீர் வைத்திருப்பாள். பகலெல்லாம் சேர்த்து வைத்ததைச் சாயங்காலம் ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவாள். சண்டை போடுகிறபோதுகூட முகத்தில் ஒரு வெளிச்சம். மழைக்கு உப்பிய பலகையின் வாசனை, சம்பால் கருகும் வாசனை, நடுவில் அவள் குரல். எனக்கு அந்த அடுப்படி அவ்வளவு பிடித்துப்போனது. என்ன ஒன்று, எனக்குப் பிடித்தது அவளா நாடகமா என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

பலகைக்குத்தான் பேசுகிறேன் என்று அவள் சொன்னது அந்த நாட்களில்தான். ஆனால் பழைய நாட்களைப் பற்றிச் சொன்னாள். "இத்தன வருசமும் இப்படித்தான் நெனச்சிருந்தேன்" என்று முன்னால் சேர்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி சாதம் போட்டாள்.

அந்த முன்வாக்கியத்தை நான் வெட்டிவிட்டேன். அது இருந்தால் சிரிப்பு வராது.

ரேடியோக்காரி

மாட்டிக்கொள்ள மாட்டேன் என்று நான் தைரியமாக இருந்ததற்குக் காரணம் இருந்தது. நாடகம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சௌந்தரம் கோயிலில் இருப்பாள். எங்கள் வீட்டில் ரேடியோ இல்லை. பக்கத்து வீட்டில் ரேடியோ உண்டு, ஆனால் தமிழ் தெரியாது. படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரை விட்டு வெள்ளிக்கிழமை வெளியே போக முடியாத லெச்சுமி அக்கா, கோயிலுக்குப் பதிலாகப் பக்திப் பாட்டு வருமே என்று தமிழ் ரேடியோவைத் திறந்து வைத்திருப்பார். பாட்டு முடிந்து என் நாடகம் வரும்போதும் மூட மாட்டார். அதில் எனக்கு என்ன ஆபத்து? வார்த்தை தெரியாதவருக்கு என்ன புரியும்?

நாய்களோடு இருபது வருஷம் பழகியவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நாய்க்கு எந்த வார்த்தை தெரியும்? குரல் தெரியும். எல்லாம் தெரிந்துவிடும்.

லெச்சுமி அக்கா எங்கள் வீட்டுச் சண்டையை அந்தப் பலகை வழியாகப் பத்து வருஷமாகக் கேட்டு வந்தவர். ஒரு சொல்லும் புரியாததால் அவருக்கு அதெல்லாம் ராகமாகத்தான் பதிந்திருந்தது. எங்கே ஏறும், எங்கே இறங்கும், எங்கே கரண்டி விழும் என்று மனப்பாடம். இப்போது அதே ராகம் ரேடியோவிலிருந்து வருகிறது. அதே இடத்தில் டொக், டொக். எனக்கு ஒரு வார்த்தையும் விடாமல் எழுதும் கெட்ட பழக்கம். கரண்டிச் சத்தத்தைக்கூட விடாமல் போடுகிற கெட்டிக்காரர் ஒருவர் கோலாலம்பூரில்.

லெச்சுமி அக்கா யோசித்துப் பார்த்தார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பக்கத்து வீட்டுச் சௌந்தரம் நல்ல சேலை கட்டி, பூ வைத்து, பவுடர் போட்டு வெளியே போகிறாள். அவள் போன கொஞ்ச நேரத்தில் ரேடியோவில் அவள் சத்தம் கேட்கிறது. நாடகம் முடிந்த பிறகு திரும்பி வருகிறாள். ரேடியோ கோலாலம்பூரிலிருந்து வருகிறது என்பது அக்காவுக்குத் தெரியாது. குரல் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கிறதே என்றால், ரேடியோவுக்குள் போனால் யார் குரலும் மாறத்தானே செய்யும்.

முடிவு கட்டிவிட்டார்: சௌந்தரம் ரேடியோவில் நடிக்கிறாள்.

சந்து முழுவதும் சொல்லியும் விட்டார். இது தெரியாமல் சௌந்தரம் பல மாதம் குழம்பிக்கொண்டிருந்தாள். குழாயடியில் வழி விட்டார்கள். யார் வீட்டிலோ கல்யாணம் என்றால் முதல் வரிசையில் நாற்காலி. "இந்தச் செட்டிச்சிங்களுக்கு எம்மேல என்னாங்க இவ்ளோ மரியாத?" என்று என்னிடம் கேட்டாள். அதையும் குறித்துக்கொண்டேன்.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. சௌந்தரத்துக்குக் கணுக்காலில் சுளுக்கு. நான் வீடு திரும்பும் முன்பே அவள் லெச்சுமி அக்கா வீட்டில் தைலம் தேய்த்துக்கொள்ளப் போயிருந்தாள். நான் வந்து பார்த்தேன், ஆள் இல்லை, கோயிலுக்குப் போய்விட்டாள் என்று நினைத்துக் காதைச் சுவரில் வைத்தேன். அந்தப் பக்கம் லெச்சுமி அக்கா தைலக் கையோடு அவளிடம் கவலையாகக் கேட்டிருக்கிறார்: "ஹாரி இனி தாக் பெர்கி ரேடியோ?" இன்றைக்கு ரேடியோவுக்குப் போகவில்லையா?

சௌந்தரம், "எந்த ரேடியோ?" என்றாளாம்.

லெச்சுமி அக்கா ரேடியோவைத் திருகி வைத்திருக்கிறார். பிற்பாடு அவரே என்னிடம் அழுதுகொண்டு சொன்னது இது. முதல் ஐந்து நிமிடம் சௌந்தரம் சிரித்தாளாம் (அதையும் ஸ்டூடியோச் சிரிப்பு என்றே நான் நினைத்திருக்கிறேன்). 'நம்ம வீடு மாதிரியே இருக்கு' என்று மலாயில் சொன்னாளாம். பலகை வசனம் வந்து, ஸ்டூடியோவில் அவ்வளவு பேரும் சிரித்தபோதுதான் சிரிப்பு நின்றதாம். நொண்டிக்கொண்டே எழுந்து சுவரிடம் போனாளாம்.

அந்த இரண்டு தட்டுக்குப் பிறகு அவள் வீட்டுக்கு வந்தாள். மணைக்கு அடியில் நான் ஒளித்துவைத்திருந்த பதிவேட்டை எடுத்து, பின்பக்கத்தைப் பிரித்து, எழுத்துக் கூட்டி, நின்றுகொண்டே படித்தாள். பக்கம் பக்கமாகப் படித்தாள். மூடினாள்.

"நா நெனச்சேன்," என்றாள், "நீங்க கேக்கறீங்கன்னு."

அவ்வளவுதான். கரண்டி தட்டவில்லை. சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பிழைத்திருப்பேன்.

தேசிய மொழி

பதினோரு நாள் ஒரு சொல் இல்லை. பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "நாசி ஆடா. மாக்கான்" என்றாள். சோறு இருக்கிறது, சாப்பிடு. மலாயில். 'ங்க' இல்லாமல்.

ஏதோ கோபத்தில் ஒரு நாள் என்று நினைத்தேன். மறுநாளும் மலாய். அதற்கடுத்த நாள் ஒரு முழுச் சண்டையே மலாயில் போட்டாள். "ஓராங் துவா, ஓத்தாக் தாக் ஆடா" என்று தொடங்கியது. கிழவனுக்கு மூளை இல்லையாம். விவரமாகவே இருந்தது.

"ஏன் சௌந்தரம், தமிழ்ல பேசேன்" என்றேன்.

அவள் வேலிப் பக்கம் திரும்பி, துணி காயப்போட்டுக்கொண்டிருந்த லெச்சுமி அக்காவிடம், எனக்குக் கேட்கும்படி மலாயில் சொன்னாள். தமிழில் திட்டினால் கோலாலம்பூருக்குப் போய்விடுகிறது, அங்கே ஆள் வைத்துச் சிரிக்கிறார்கள். மலாயில் திட்டினால் அந்த ரேடியோக்காரன் வாங்க மாட்டான் இல்லையா?

லெச்சுமி அக்கா என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அந்த நாட்களில் மலாய் தேசிய மொழியாவது பற்றி ஊரெங்கும் பேச்சாக இருந்தது. நாட்டில் அமலாவதற்கு முன்பே எங்கள் வீட்டில் அமலாகிவிட்டது என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரிக்க வைத்தேன். சிரித்தார்கள். நான் வீட்டுக்குப் போக நேரமாகாதா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் போய், நேரமாகிவிட்டதே என்று பார்க்கிற காலம் வந்திருந்தது.

நாடகத்தைக் கற்பனையில் மூன்று வாரம் ஓட்டினேன். 'பாக்கியத்துக்கு உடம்பு சரியில்லையா?' என்று கோலாலம்பூரிலிருந்து கேட்டு எழுதினார்கள். வேதாசலத்தையும் பாக்கியத்தையும் கப்பலேற்றிக் காசிக்கு அனுப்பி, கதையை முடித்து எழுதினேன். கப்பல் திரும்பி வரலாமே என்று பதில் வந்தது. வராது என்று எழுதிவிட்டேன்.

இதைச் சௌந்தரத்திடம் சொன்னேன். "சுக்கா ஹாத்தி" என்றாள். உன் இஷ்டம்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரிந்த ஒரே வழியில் கேட்டேன். ஒரு நல்ல ரேடியோப் பெட்டி வாங்கிவந்து அவள் முன் வைத்தேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. கையை அறுத்த கத்தியைத் துடைத்து, உறை போட்டுப் பரிசாகக் கொடுத்திருக்கிறேன். அவள் அதைச் சுற்றிப் பார்த்தாள். மேலே ஒரு துணியை விரித்தாள். அரிசி டின்னைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். உயரம் சரியாக இருந்தது.

நாடு சுதந்திரம் பெற்ற அன்று திடலில் கூட்டத்தோடு கூட்டமாகக் கத்திவிட்டுத் தொண்டை கட்டி வீட்டுக்கு வந்தேன். அவள் இஞ்சி தட்டிப்போட்ட வெந்நீரைக் கொடுத்தாள். ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். எனக்கும் குரல் இல்லை. இரண்டு பேரும் அந்த வெந்நீர் ஆறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தெருவில் பட்டாசு.

ஒரு வீட்டில் இரண்டு பேர் பேசாமல் இருப்பது பெரிய விஷயமில்லை. பேசிக்கொண்டே, அவள் தமிழை மட்டும் எங்கோ பெட்டியில் பூட்டி வைத்துக்கொண்டாளே, அதுதான் என்னைத் தின்றது. அவள் எனக்குச் சமைத்தாள், துவைத்தாள், காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தாள். எல்லாம் மலாயில். வெள்ளிக்கிழமை கோயிலில் நாலு பெண்களோடு தமிழில் அவள் சிரித்துப் பேசுவதைத் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு, அவளுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடிவந்திருக்கிறேன். நாற்பத்தைந்து வயதில், கட்டின மனைவியின் குரலைக் கேட்கத் தூணுக்குப் பின்னால் ஒளிந்த குமாஸ்தா மலாக்காவில் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

கெம்போங் மீன்

நான் ஒன்று செய்தேன். பெரிதாக ஒன்றும் இல்லை. பதிவேட்டை அலுவலகத்திலேயே வைத்துவிட்டு வர ஆரம்பித்தேன். பேப்பரை நிறுத்தினேன். சாயங்காலம் சாப்பிட்டதும் அந்தப் பழைய மணையில் போய் உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கையையும் மேலே பார்க்கும்படி முழங்காலில் வைத்துக்கொள்வேன். கைரேகை பார்க்க வந்தவன் மாதிரி. கையில் பென்சில் இல்லை என்று காட்டத்தான். அவள் கவனித்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. மலாயில் திட்டினாள். நான் மலாயில் "யா" என்று பதில் சொன்னேன். 'ம்' சொல்வதில்லை என்று தீர்மானம்.

ஒரு மழைக்காலம் போய் இன்னொன்று வந்தது. பலகை உப்பி, இடுக்கு தானாக அடைத்துக்கொண்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உஜோங் பாசிருக்குப் போய்க் கெம்போங் மீன் வாங்கி வந்தேன். வழியில் மழை. மரத்தடியில் ஒதுங்கி நின்றதில் மீன் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, அவள் சொல்லாமலே நானே உட்கார்ந்து செதிள் சுரண்ட ஆரம்பித்தேன். கை இரண்டும் முழங்கை வரைக்கும் செதிள்.

சௌந்தரம் வந்து ஒரு மீனை வாலைப் பிடித்துத் தூக்கினாள். அதன் கண்ணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு, நெடுநேரம், என் கைகளைப் பார்த்தாள்.

"இக்கான் பூசோக்" என்று வரும் என்று காத்திருந்தேன். மீன் கெட்டுவிட்டது என்று அர்த்தம். வரவில்லை.

அவள் கரண்டியை எடுத்தாள். அடுப்பில் இருந்த சட்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

"என்னாங்க," என்றாள், "கேக்குதா?"

கேட்கிறது என்று தலையை ஆட்டினேன். பலகைக்கு அந்தப் பக்கம் லெச்சுமி அக்கா வீட்டில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சட்டென்று நின்றது.

அவள் பேசினாள். கால் மணி நேரம் இருக்கும். தமிழில். மழை கூரையில் விழுந்துகொண்டிருந்தது. எதற்கும் நான் பதில் சொல்லவில்லை. கேட்டேன்.

அதற்குப் பிறகு அவள் தமிழிலும் பேசினாள், மலாயிலும் பேசினாள். திட்டும்போது பெரும்பாலும் மலாய்தான். பழகிவிட்டது என்றாள். நம்பிக்கை முழுதாகத் திரும்பி வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். சில நாள் பேச்சின் நடுவில் நிறுத்தி, என் கையை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் மேலே பேசுவாள். கடைசி வரைக்கும் அந்தப் பார்வை இருந்தது.

அவள் போய்ச் சில வருஷமாகிறது. லெச்சுமி அக்காவும் இல்லை. பலகைச் சுவரை இடித்துச் செங்கல் வைத்துவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் இப்போது குடியிருப்பவர்கள் நல்லவர்கள். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாது. செங்கல் ஒன்றும் சொல்வதில்லை. சாயங்காலம் ஒரு ஆளுக்குச் சமைத்து முடித்துவிட்டு, கரண்டியால் சட்டி விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பேன். தட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்த அத்தியாயத்தில் அவள் பேசியதாக நான் எழுதியவற்றில் பாதி, ஏற்கெனவே ரேடியோவில் போனது. திருடிய சாமானை மறுபடி எடுத்துக் காட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். மலாய் எல்லாம் அவளே வேலி தாண்டிக் கேட்கும்படி சொன்னது. மிச்சத்துக்கு அவளிடம் ஏச்சு வாங்கத் தயாராக இருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மழையில், கால் மணி நேரம் அவள் என்ன சொன்னாள் என்று இதைப் படித்துப் பார்த்த ஆசிரியர் கேட்டார். அதையும் எழுதினால்தான் முடிவு நன்றாக இருக்கும் என்றார். அவர் சொல்வது சரிதான். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் இருக்கிறது. எங்கே குரல் ஏறியது, எங்கே இறங்கியது, எந்த இடத்தில் அவள் மீனைக் கீழே வைத்தாள், எல்லாம்.

பென்சிலைக் கீழே வைக்கிறேன்.